போர்டு கண்ணும் ரெண்டு மணி மாத்திரையும்

எங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல "போர்டு கண்ணு"ன்னு ஒண்ணு உண்டு. வெளிய யாரைக் கேட்டாலும் அப்படின்னா என்னம்பாங்க. டாக்டருக்கே தெரியாது. அதுதான் வம்பா போச்சு.

அப்பல்லாம் வெளியூருக்குப் பேசணும்னா நீங்களா நம்பர் சுத்த முடியாது, எங்ககிட்டதான் கேக்கணும். நீளமா ஒரு ஹால், அது முழுக்க மரத்துல பெரிய போர்டு, போர்டு முழுக்க ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைக்கும் மேல பட்டாணி சைஸுல ஒரு லாம்பு. லாம்பு எரிஞ்சா யாரோ கூப்பிடறாங்கன்னு அர்த்தம். கையில இருக்கிற வயரை எடுத்து அந்த ஓட்டையில சொருகி, குரல்ல சக்கரையத் தடவிக்கிட்டு "சொல்லுங்க, எந்த ஊரு?"ன்னு கேக்கணும். இப்படி முப்பது பொண்ணுங்க தோளோட தோள் இடிச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். காதுல ஊரே பேசும், கண்ணு முன்னாடி ஊரே எரியும்.

ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வந்து கண்ணை மூடினா அந்த லாம்பெல்லாம் உள்ளயும் எரியும். அதுதான் போர்டு கண்ணு. பஸ்ல தூங்கலாம்னு கண்ணை மூடினா லாம்பு. வீட்டுக்குப் போய் சுவத்தைப் பாத்தா சுவத்துல லாம்பு.

எனக்குப் பக்கத்து சீட்டுல இருந்தவளை நாங்க மிளகுன்னுதான் கூப்பிடுவோம். ஆளும் அம்புட்டுத்தான் இருப்பா, வாயும் அப்படித்தான் காரமா இருக்கும். அவ சொல்லுவா, "எங்க வீட்டுக்காரர் நெத்தியிலயே எனக்கு லாம்பு எரியுதுடி. ஆனா நான் சொருக மாட்டேன். அவர் பேச ஆரம்பிச்சா லைனை கட் பண்ண முடியாது."

எங்க சூப்பர்வைசருக்குப் பேரு ஸ்கேல் மேடம். நாங்க வச்ச பேருதான். முதுகு அவ்வளவு நேரா இருக்கும். எங்க பின்னாடியே நடந்துக்கிட்டு இருப்பாங்க. புதுசா சேந்த பொண்ணு யாராவது "மேடம், கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது"ன்னு வந்து நின்னா, அவங்க முகத்துல அபூர்வமா ஒரு சிரிப்பு வரும். "போர்டு கண்ணு வந்துடுச்சா? இனிமேதான் நீ ஆபரேட்டர். போய்க் கண்ணைக் கழுவிட்டு வா"ம்பாங்க. எங்களுக்கும் அது ஒரு பெருமை. பட்டம் வாங்கின மாதிரி.

நான் சொல்ல வந்தது, என் பொண்ணைப் பெத்துட்டு வேலைக்குத் திரும்பின வருஷம் நடந்தது.

அந்தப் பிரசவத்தை நான் அதிகம் சொல்ல மாட்டேன். ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க, ரத்தம் நிக்கவே இல்ல. ஒரு வழியா கண்ணைத் திறந்தப்போ டாக்டரம்மா பக்கத்துல நின்னு, "ரெண்டு வருஷத்துக்கு மறுபடி வயித்துல எதுவும் தங்கக் கூடாது. விளையாட்டில்ல"ன்னு சொன்னாங்க. என்கிட்ட சொன்னதை விட என் வீட்டுக்காரரைப் பாத்துத்தான் அதிகம் சொன்னாங்க. அவர் ஸ்கூல்ல டிரில் மாஸ்டர். எதைச் சொன்னாலும் அட்டென்ஷன்ல நின்னுதான் கேப்பார். அன்னிக்கும் அப்படியே நின்னு, "சரிங்க டாக்டர்"னார். அன்னிலேருந்து என் பக்கத்துல வரவே பயம் அவருக்கு. காபி டம்ளரைக் கூட ஜன்னல் மேல வச்சுட்டுப் போவார், கை பட்டுடுமாம்!

"ஏங்க, டம்ளர் வழியாவா புள்ள உண்டாகும்?"னு கேட்டேன்.

"எனக்கு என்னடி தெரியும், ரெண்டு வருஷம்னு சொல்லிட்டாங்கல்ல"ன்னு சொல்லிட்டு, கண்ணு கலங்கிப் போய் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல அவர் என்னத்தைப் பாத்தாரோ, கடைசி வரைக்கும் என்கிட்ட சொன்னதில்ல.

கொழந்தை பால் மறந்தப்புறம் நானே டாக்டரம்மாகிட்டப் போய், புள்ள தங்காம இருக்க மாத்திரை கேட்டேன். அவங்க உடனே தூக்கிக் குடுத்துடல. பிரஷர் பாத்தாங்க, எடை பாத்தாங்க. கால்ல ரத்தம் கட்டினது உண்டா, மஞ்சக்காமாலை வந்திருக்கா, நெஞ்சு வலி உண்டான்னு வரிசையா கேட்டாங்க.

"சிகரெட் பிடிப்பியா?"

"எங்க வீட்டுல அவரே பிடிக்க மாட்டார் டாக்டர். விசில் மட்டும்தான்."

டாக்டரம்மா சிரிக்கல. "எல்லாரையும் கேக்கணும், கேட்டேன். தலைவலி?"

"இல்ல டாக்டர்." அப்போ நிஜமாவே இல்ல.

"இனிமே புதுசா தலைவலி வந்தாலோ, கண்ணுல பளிச்சு பளிச்சுனு ஏதாவது தெரிஞ்சாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, மறுநாள் பாக்கலாம்னு இருக்காதே. உடனே வா."

மண்டையை ஆட்டிட்டு வந்தேன். கண்ணுல பளிச்சுன்னு தெரிஞ்சான்னு அவங்க சொன்னப்போ நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நமக்குத்தான் அது தினமும் இருக்கே, அது கணக்குல வராதுன்னு நினைச்சுக்கிட்டேன். கேக்கக் கூட தோணல. மூக்குத்தி போட்டவகிட்ட முகத்துல ஏதாவது மின்னுதான்னு கேட்டா, அவ மூக்குத்தியைச் சொல்லுவாளா? அது மாதிரிதான்.

மாசாமாசம் வர்றது வந்த முதல் நாளே ஆரம்பிக்கணும். மூணு வாரம் தினமும் ஒண்ணு, அப்புறம் ஒரு வாரம் லீவு, மறுபடி புது அட்டை. லீவு வாரம் முடிஞ்சதும் மறக்காம ஆரம்பிக்கறதுதான் முக்கியம்னு டாக்டரம்மா அழுத்திச் சொன்னாங்க. டைம் கொஞ்சம் முன்னப் பின்ன ஆனா குடி முழுகிடாது, ஆனா ஒரே டைம்னு வச்சுக்கிட்டா மறதி வராதுன்னாங்க. எங்களுக்கு ஒரே டைம்னு ஏது? ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. தின்ற நேரமும் தூங்கற நேரமும் தலைகீழா மாறிக்கிட்டே இருக்கும்.

வழி சொன்னது மிளகுதான். அவளும் மாத்திரைக்காரி. "ரெண்டு மணிடி"ன்னா.

எங்க எக்ஸ்சேஞ்சுல மதியம் ரெண்டு மணிதான் நேரம்னாலே நேரம். காலை ஷிஃப்ட் எழுந்திருக்கும், மதிய ஷிஃப்ட் உக்காரும். ஓய்வு ரூம்ல ரெண்டு கூட்டமும் ஒண்ணா நிக்கும். ரெண்டு இரும்புக் கட்டில், ஒரே ஒரு கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்கு அடிதடி. பவுடர் வாசம், நனைஞ்ச குடை வாசம், டிபன் பாக்ஸ் சத்தம். வீட்டுல மாமியார் திட்டினது, கொழந்தைக்குப் பல்லு முளைச்சது, யாரு லைன்ல யாரு யாரைக் கொஞ்சினாங்க, எல்லாம் அந்தக் கால் மணி நேரத்துல கொட்டித் தீத்துடுவோம். அதுக்கு நடுவுல பானைத் தண்ணி டம்ளர் கை மாறும். ஒருத்தி போடுவா, டம்ளரை அடுத்தவகிட்டக் குடுப்பா. யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டோம், டம்ளர் வந்தா வாங்கிக்கிறது. இப்ப எத்தனையோ வசதி வந்துடுச்சு. ஆனா அந்த டம்ளர் கை மாறின மாதிரி ஒரு தைரியம் அதுக்கப்புறம் எனக்கு எங்கயும் கிடைக்கல, போங்க.

ராத்திரி ஷிஃப்ட் வாரத்துல மதியம் வீட்டுல தூங்கிக்கிட்டு இருப்போமே, அதுக்கும் மிளகு ஏற்பாடு வச்சிருந்தா. என் ராத்திரி வாரத்துல மட்டும் அவ மதிய ஷிஃப்ட் மாத்தி வாங்கிப்பா. எங்க வீட்டுக்குக் கீழ ஒரு தையல் கடை, தெருவுலயே அங்க மட்டும்தான் போன். மணி ரெண்டடிச்சா போர்டுலேருந்து அங்க அடிப்பா. டெய்லர்கிட்ட மாத்திரைன்னா சொல்ல முடியும்? "மாடி வீட்டம்மாகிட்ட லைன் கிளியரான்னு கேளுங்க"ம்பா. டெய்லர் டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டே நடுத்தெருவுல நின்னு அண்ணாந்து கத்துவார்.

"யம்மா! லைன் கிளியரா?"

நான் தூக்கக் கலக்கத்துல மாத்திரையை முழுங்கிட்டு ஜன்னல் வழியா, "கிளியருண்ணே!"ம்பேன்.

தெருவுல எல்லாரும் இந்தப் பொண்ணு வீட்டுலேருந்தே ஏதோ கவர்மெண்ட் வேலை பாக்குதுன்னு நினைச்சாங்க. எங்க மாமியாருக்கும் அதுல பெருமைதான்.

ஒரே ஒரு தடவை விட்டுட்டேன். பொண்ணுக்கு நல்ல காய்ச்சல், மடியிலேருந்து இறங்கல, அன்னிக்குன்னு பாத்து மிளகும் லீவு, மாத்திரை ஞாபகமே வரல. மறுநாள் காலையில போர்டுல உக்காந்தப்போதான் சுருக்குன்னுச்சு. பக்கத்துல திரும்பி மிளகுகிட்டச் சொன்னேன். மிளகுதான் டாக்டரம்மா லைனைப் போட்டுக் குடுத்தா.

"இதுக்கா இப்படி நடுங்கற?"ன்னாங்க டாக்டரம்மா. "ஞாபகம் வந்துச்சுல்ல, இப்பவே அதைப் போடு. இன்னிக்கு மாத்திரையை வழக்கமான நேரத்துக்குப் போடு. ஒரே நாள்ல ரெண்டு ஆகும், ஒண்ணும் பண்ணாது. ஒண்ணு விட்டதுக்கு அது போதும். ரெண்டு மூணு சேந்தாப்புல விட்டாத்தான் ஏழு நாளைக்கு அவரை உறை போடச் சொல்லணும். எனக்கும் போன் பண்ணணும்."

மொதல்ல ஒரு மாசம் குமட்டலா இருந்துச்சு. சாப்பிட்டுட்டுப் போட்டா சரியாச்சு. அப்புறம் பயமும் போச்சு. வீட்டுல காபி டம்ளர் ஜன்னலுக்குப் போறது நின்னுச்சு. ஒரு நாள் அவர் பக்கத்துல வந்து உக்காந்து, "ஏம்மா, இன்னிக்கு லைன் கிளியரா?"ன்னு கேட்டார் பாருங்க, நான் சிரிச்ச சிரிப்புல கொழந்தை எழுந்துக்கிச்சு. நாங்க மறுபடி புருஷன் பொண்டாட்டியா ஆன வருஷம் அது. அதனாலதான் அந்த அட்டை மேல எனக்கு அவ்வளவு பாசம்.

ஆறேழு மாசம் போயிருக்கும். தலைவலி ஆரம்பிச்சுது.

மொதல்ல கண்ணுலதான் வரும். ஒரு ஓரத்துல சின்னதா ஒரு வெளிச்சம். சரி, போர்டு கண்ணுன்னு விட்டுடுவேன். அது மெல்ல மெல்ல வளைஞ்சு வளைஞ்சு பெருசாகும், ரம்பப் பல்லு மாதிரி. கொஞ்ச நேரத்துல போயிடும். போனப்புறம் ஒரு பக்கத் தலையில சுத்தியல் வச்சு அடிக்கிற மாதிரி வலி, வாந்தி. மிளகு தைலம் தேய்ப்பா. ஸ்கேல் மேடம் தன்னோட கைக்குட்டையை நனைச்சு நெத்தியில போட்டு, "உனக்குக் கொஞ்சம் பலமாவே வந்திருக்கு. எனக்கும் ஒரு காலத்துல இப்படித்தான்"னு சொல்லி, கட்டில்ல படுக்க வச்சாங்க. அவங்க அப்படி அன்பாப் பேசினதுல எனக்கு உச்சி குளுந்து போச்சு. வேற எதுவும் யோசிக்கல.

வீட்டுல மாமியார் மட்டும், "அந்த மாத்திரை சூடும்மா. அதான் மண்டையில ஏறுது"ன்னாங்க.

அவங்க பேச்சை யாரு கேப்பா? எங்க அத்தைக்கு எல்லாமே சூடுதான். கதவு இறுக்கிக்கிட்டு மூடலன்னாலும் சூடு, பக்கத்து வீட்டுக்காரி கோவிச்சுக்கிட்டாலும் சூடு. "சரி அத்தை, மோர் குடிக்கறேன்"னு சொல்லிட்டுப் போயிடுவேன்.

உள்ளுக்குள்ள ஒரு சின்ன பயம் இருந்துச்சோ என்னவோ. டாக்டரம்மாகிட்டப் போனா மாத்திரையை நிறுத்திடுவாங்களோ, மறுபடி ஜன்னல்ல டம்ளரோ, அதை விட மோசமா மறுபடி அந்த ஆபரேஷன் மேஜையோன்னு. ஆனா போர்டு கண்ணுன்னு ஒரு பேரு கையில இருந்துச்சே. பேரு ஒண்ணு இருந்துட்டா அதுக்கு மேல யாரு தோண்டறா?

அந்த வருஷம் அவர் ஸ்கூல்ல விளையாட்டு விழா. டிரில் மாஸ்டருக்கு அதுதான் கல்யாணம், காதுகுத்து எல்லாம். வீட்டுல பந்தும் கொடியுமா காலு வைக்க எடமில்ல. அவருக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு நான் அந்த வாரம் லீவு போட்டிருந்தேன். விழா அன்னிக்குப் பொண்ணைத் தூக்கிக்கிட்டு மைதானத்துல சாமியானாவுக்குக் கீழ உக்காந்திருந்தேன். நல்ல வெயில், நல்ல கூட்டம். அவர் வெள்ளை பேண்டுல விசிலோட நிக்கறதைப் பாத்து, நம்ம ஆளு லட்சணமாத்தான் இருக்கார்னு நினைச்சுக்கிட்டேன்.

ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்ச பசங்க மூணு பேரை மேடையில ஏத்தினாங்க. நடுவுல நின்ன பையனுக்குத் தலை இல்ல.

கண்ணைக் கசக்கிட்டுப் பாத்தேன். சட்டை இருக்கு, மெடல் இருக்கு, தலை இருக்க வேண்டிய எடத்துல ரம்பம் மாதிரி வெளிச்சம் பளபளன்னு ஊருது. பக்கத்துல திரும்பிப் பாத்தா ஹெட்மாஸ்டர் வீட்டம்மாவுக்குப் பாதி முகந்தான் இருக்கு. இடது கை விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி மதமதன்னு.

அப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. நான் போர்டைப் பாத்து நாலு நாளாச்சு. லாம்பே பாக்காம போர்டு கண்ணு எப்படி வரும்?

பொண்ணைப் பக்கத்துல இருந்த டீச்சர் மடியில விட்டுட்டு குழாயடிக்குப் போனேன். மணி ரெண்டாகப் போகுது. முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த மாத்திரையை எடுத்தேன். உள்ளங்கையில வச்சுப் பாக்கறேன், அதுலயும் பாதி தெரியல. போடலாமா வேண்டாமா? போடலன்னா என் வயிறு என்னாகும்? போட்டா இது என்னாகும்? குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னேன், தண்ணி பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு.

அந்த நேரம் பாத்து மைக்குல ஸ்கூல் பியூன் குரல்.

"டிரில் மாஸ்டர் வீட்டம்மாவுக்கு போன் வந்திருக்கு! லைன் கிளியரான்னு கேக்கறாங்க! திரும்பவும் சொல்றேன், லைன் கிளியரான்னு கேக்கறாங்க!"

மைதானமே திரும்பிப் பாத்துச்சு. அந்தக் கோடியில அவர் விசிலை வாயில வச்சபடியே செவந்து போனதை என் பாதிக் கண்ணாலயே பாத்தேன்.

சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போய் ரிசீவரை எடுத்தேன்.

"ஏண்டி, லீவு போட்டா மாத்திரைக்கும் லீவா? போட்டியா இல்லியா?"ன்னா மிளகு.

"மிளகு, எனக்குப் பாதி தெரியலடி."

"என்னது?"

"அந்த ரம்பம் வந்திருக்கு. நாலு நாளா நான் போர்டு பக்கமே வரலடி. இது போர்டு கண்ணு இல்லடி."

அவளுக்குப் பின்னாடி ஹால் சத்தம் கேக்குது, முப்பது பொண்ணுங்க "சொல்லுங்க, எந்த ஊரு?"ன்னு. அப்புறம், "வச்சுடாத. அப்படியே நில்லு"ன்னா. டக்குன்னு சொருகற சத்தம். அந்தச் சத்தத்தை ஆயிரம் தடவை நான் அடுத்தவங்களுக்காகப் போட்டிருக்கேன். எனக்காக ஒருத்தி போட்டது அன்னிக்குத்தான்.

டாக்டரம்மா லைன்ல வந்தாங்க. எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டினேன்.

"பேச்சு குழறுதா? கை தூக்க முடியுதா? வாய் கோணுதா?"

"இல்ல டாக்டர். விரல்ல மட்டும் எறும்பு ஊர்ற மாதிரி."

"இன்னிக்கு மாத்திரை போட்டாச்சா?"

"கையில இருக்கு டாக்டர்."

"கையிலயே இருக்கட்டும். வாய்க்குப் போகக் கூடாது. இப்பவே கிளம்பி வா. தனியா வராதே."

ரிசீவரை வச்சுட்டுத் திரும்பினா அவர் வாசல்ல நிக்கறார். கயிறு இழுக்கற போட்டியைப் பாதியில விட்டுட்டு, விசிலைக் கழட்டி சயின்ஸ் வாத்தியார் கழுத்துல மாட்டிட்டு வந்திருக்கார். அந்த விசில் அவர் கழுத்தை விட்டு இறங்கி நான் பாத்ததில்ல. "என்னன்னு கேக்க மாட்டேன், வா"ன்னு பொண்ணை ஒரு தோள்ல போட்டுக்கிட்டு, இன்னொரு கையால என்னைப் பிடிச்சுக்கிட்டார். டாக்ஸியில ஏறினப்போ கண்ணுல வெளிச்சம் போய் வலி ஆரம்பிச்சிடுச்சு. அவர் மடியில தலையை வச்சுக்கிட்டேன். எனக்குக் கேக்காதுன்னு நினைச்சுக்கிட்டு, "ரெண்டு வருஷத்துக்கு என்ன, எனக்கு எத்தனை வருஷமானாலும் பரவாயில்ல. இவ இருந்தாப் போதும்"னு யார்கிட்டயோ சொல்லிக்கிட்டே வந்தார். டாக்ஸிக்காரர் பயந்து போய் வேகமா ஓட்டினார்.

டாக்டரம்மா வெளக்கடிச்சுக் கண்ணைப் பாத்தாங்க, கையை அழுத்தச் சொன்னாங்க, நேரா நடக்கச் சொன்னாங்க, பிரஷர் பாத்தாங்க. அப்புறம் உக்காந்து, "எத்தனை மாசமா வருது?"ன்னாங்க.

சொன்னேன்.

"சொல்லியிருந்தேனே, கண்ணுல தெரிஞ்சா வான்னு?"

"போர்டு கண்ணுன்னு நினைச்சேன் டாக்டர்."

"அது என்ன கண்ணு?"

வெளக்கினேன். டாக்டரம்மா கேட்டுட்டுப் பேனாவைக் கீழ வச்சாங்க. "நான் கேட்டது போதல. இனிமே உங்க ஆபீஸ் பொண்ணுங்க வந்தா வேற மாதிரி கேக்கணும்"னாங்க. "லாம்பையே பாத்துட்டுக் கண்ணை மூடினா கொஞ்ச நேரம் அது தெரியும், போயிடும். அதுல ஒண்ணுமில்ல. உனக்கு வந்தது அது இல்ல. இது ஊர்ந்து பெருசாகி, பாக்கறதை மறைச்சு, அப்புறம் ஒத்தைத் தலைவலியா வர்றது. இந்த மாத்திரையில ரெண்டு மருந்து கலந்திருக்கு. அதுல ஒண்ணு இந்த மாதிரி தலைவலி உள்ளவங்களுக்கு ஆகாது. மூளைக்குப் போற குழாய்ல ரத்தம் கட்ட வாய்ப்பு கூடும். எல்லாருக்கும் கட்டாது. கட்டினா கை கால் விழுந்துடும். உனக்கு அப்படி எதுவும் ஆகல. ஆனா இந்த மாத்திரை உனக்கு இன்னியோட சரி. திரும்பவும் எப்பவும் வேண்டாம்."

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. "அப்ப என் வயிறு டாக்டர்? இன்னும் வருஷம் முடியலயே. தங்கிடுச்சுன்னா நான் போயிடுவேனே டாக்டர்."

"ஏம்மா, இந்த ஒரு மாத்திரையை நம்பியா உலகத்துல எல்லாரும் இருக்காங்க?"ன்னாங்க டாக்டரம்மா. அவங்க குரல் அப்படி எளகி நான் கேட்டதே இல்ல. "அட்டையில எத்தனை பாக்கி?"

"கடைசி ரெண்டு."

"அப்ப லீவு வாரத்தை ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்ச மாதிரிதான். இத்தனை நாள் ஒழுங்கா போட்டிருக்க, இந்த வாரத்துக்கு பயமில்ல. ஒரே மருந்து மட்டும் இருக்கிற மாத்திரை ஒண்ணு இருக்கு, உனக்கு ஆகும். ஆனா அதை இம்மியும் நேரம் தவறாம போடணும். இல்லன்னா காப்பர் டி. கர்ப்பப்பையில வச்சுட்டா வருஷக்கணக்குல கவலை இல்ல, வேணும்னா எடுத்துடலாம், மருந்தும் கிடையாது. ஆபரேஷன் புண்ணெல்லாம் எப்பவோ ஆறியாச்சு, வைக்கலாம்."

நான் காப்பர் டின்னேன். இனிமே எதையும் ஞாபகம் வச்சுக்கற தெம்பு எனக்கில்ல.

"சரி, ரத்தப்போக்கு வந்ததும் வா. அது வரைக்கும் இவர் பொறுப்பு"ன்னு ஒரு பொட்டலம் உறையை எடுத்து அவர் பக்கம் நகத்தினாங்க. அவர் எழுந்து அட்டென்ஷன்ல நின்னு, "சரிங்க டாக்டர்"னு ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டார், பரிசுக் கோப்பை வாங்கற மாதிரி. தலை இடிக்கிற இடியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

வீட்டுக்கு வந்தா அத்தை வாசல்லயே நிக்கறாங்க. விஷயத்தைக் கேட்டாங்க. "நான் என்ன சொன்னேன்? சூடுன்னு சொன்னேனா இல்லியா?"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டு, உள்ள போய் எனக்குப் படுக்கையைத் தட்டிப் போட்டு, ஜன்னலைச் சாத்தி, கொழந்தையைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டாங்க, சத்தம் கேக்கக் கூடாதாம் எனக்கு. காரணம் தப்பா இருந்தாலும் ஆளு சரி.

காப்பர் டி வச்சாச்சு. மொதல் ரெண்டு மூணு மாசம் போக்கு கொஞ்சம் அதிகமா இருந்துச்சு, அப்புறம் அடங்கிடுச்சு. தலைவலி அடியோட நிக்கல. ஆனா கொறைஞ்சுது. வந்தாலும் என்னன்னு தெரிஞ்சுதானே வருது, இருட்டு ரூம்ல படுத்தாப் போகும்.

எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பின அன்னிக்கு ரெண்டு மணிக்கு மிளகு டம்ளரை என் கையில குடுத்துட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டா. நான் வெறும் தண்ணியைக் குடிச்சுட்டு அடுத்தவகிட்ட நீட்டினேன். "என்னை ஒதுக்கிடாதீங்கடி"ன்னேன். ரூமே சிரிச்சுது. மாத்திரை போடற பொண்ணுங்களுக்கெல்லாம் கிலி பிடிச்சிருந்துச்சு. "உங்களுக்கு ஒண்ணுமில்ல, ஒழுங்கா போடுங்க. லாம்பு லாம்பா தெரிஞ்சா கழுவிட்டுப் போங்க. ரம்பமா வந்தா டாக்டர்கிட்டப் போங்க"ன்னு சொன்னேன். அன்னிலேருந்து எவ கண்ணைக் கசக்கினாலும் மிளகு போர்டுலேருந்தே கேப்பா, "லாம்பா ரம்பமா?"ன்னு. ஸ்கேல் மேடம் மட்டும் எல்லாரும் போனப்புறம் என்கிட்ட வந்து, "உனக்கு எந்தப் பக்கம் வலிச்சுது?"ன்னு மெதுவா கேட்டாங்க. சொன்னேன். "எனக்கு வலது"ன்னுட்டு, முதுகை நிமித்திக்கிட்டுப் போயிட்டாங்க.

அந்த ரெண்டு வருஷத்தைப் பத்தித்தானே சொல்ல வந்தேன். அந்த நாள் எப்ப வரும்னு நானும் அவரும் எத்தனை ராத்திரி பேசியிருப்போம்! முடியற அன்னிக்கு இதைப் பண்ணணும், அங்க போகணும்னு என்னென்னவோ திட்டம். பொண்ணை ஸ்கூல்ல சேக்கறதுக்கு யூனிஃபார்ம் தைக்கணும்னு ஒரு நாள் கீழ டெய்லர் கடைக்குப் போயிருந்தோம். அது ஒரு எடத்துல நிக்காம ஆடுது, டெய்லர் அளவு எடுக்க முடியாம திணறறார். அதோட தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்ன எங்க வீட்டுக்காரர், திடீர்னு என்னைப் பாத்தார்.

"ஏம்மா, இவளுக்கு இப்ப வயசென்ன?"

சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் பொறி தட்டிடுச்சு. டாக்டரம்மா சொன்ன ரெண்டு வருஷம் எப்பவோ தாண்டிப் போயிருக்கு. ஒரு வருஷத்துக்கு மேலயே ஆயிருக்கு. ரெண்டு பேருக்கும் ஞாபகமே இல்ல!

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?"ன்னேன்.

"நீதானே ஞாபகத்துக்கெல்லாம் ஆளு வச்சிருந்த?"ன்னார்.

நடுக்கடையில ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கறோம். பாவம் டெய்லர், டேப்பைப் பிடிச்சுக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, "அப்ப பாவாடையைக் கொஞ்சம் இறக்கியே தைக்கட்டுமா? வளர்ற புள்ள"ன்னு கேட்டார்.